கற்பூரத் தட்டு

1. மூன்று நாள்

"சிஸ்டர், அவரு மூணு நாளா வூட்டுக்கு வரல. போனும் எடுக்கல."

காலை ஓ.பி. நேரத்தில் கவிதா வந்து இப்படிச் சொன்னாள். திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையின் போதை மீட்பு வார்டில் முதலில் நர்ஸாகவும் பிறகு கவுன்சிலராகவும் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அவளுடைய கணவன் தினகரன் எங்களிடம் சிகிச்சை முடித்துப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

தினகரன் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் எழும்ப எழும்ப அவனுக்கு வேலை ஜாஸ்தி. நாள் முழுக்கக் குனிந்து குனிந்து இடுப்பு போனது. கூட வேலை செய்தவன் ஒரு வலி மாத்திரை கொடுத்தான். வலிக்காகப் போட்டது, பிறகு வலி இல்லாத நாளிலும் வேண்டியதாயிற்று.

"ஏம்மா முதல் நாளே வரல?"

"எங்க அண்ணன்தான் வேணாம்னுச்சு சிஸ்டர். சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு மறுபடி மாத்திரையத் தொட்டிருப்பான், அவன தேடாதன்னுச்சு."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த அண்ணன் மேல், பாதி என் மேல். ஏனென்றால் அந்தச் சத்தியத்தை வாங்கியதே எங்கள் வார்டுதான். டிஸ்சார்ஜ் அன்று சாமி படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றுவோம். வீட்டார் சுற்றி நிற்பார்கள். நோயாளி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தட்டை ஏந்தி நின்றவள் நான்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில மாதம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய ஞாபகத்தில் அதையே போட்டால் மூச்சு நின்றுவிடும். ஆள் வீட்டுக்கு வரவில்லை என்றால் நாங்கள் பயப்படுவது மானத்துக்காக அல்ல, உயிருக்காக.

அடி அண்ணாமலையில் பாதியில் நின்ற ஒரு வீட்டு வேலை இருப்பது கவிதாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம். தினகரன் அங்கேதான் டைல்ஸ் பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வியர்த்துக் கொட்டியது. ஆனால் எங்களைப் பார்த்தான், பேசினான். எனக்கு அது போதுமாயிருந்தது.

"போன் பண்ணக் கூடாதா தினகரா?"

"இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு பண்றது சிஸ்டர்? மொத நாளு ஒண்ணுதான் போட்டேன். அதான் சத்தியம் போச்சே, இனிமே இன்னா இருக்குதுன்னு மறுபடி மறுபடி போட்டேன்."

ஒரு மாத்திரையோடு நின்றிருக்க வேண்டியது. அதை மூன்று நாளாக்கியது எங்கள் கற்பூரம்.

"ஒரு டைல் உடைஞ்சா தரை மொத்தத்தையும் பேத்துடுவியா?" என்று கத்திவிட்டேன்.

அந்த நிலையிலும் தொழில்காரன் தொழில்காரன்தான். "அது எப்படி சிஸ்டர்? ஒடஞ்சத மட்டும் எடுப்போம். அவசரப்பட்டா பக்கத்துதும் பூடும்" என்றான். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

2. குழந்தையின் தலை

மறுபடி சேர்க்க அழைத்து வந்தால் எங்கள் நிர்வாகி நாற்காலியை விட்டு எழவில்லை. "சத்தியத்த மீறினவருக்குத் திரும்ப பெட் கொடுத்தா மத்தவங்களுக்கு பயம் இருக்குமா சிஸ்டர்?"

"சர்க்கரை ஏறி வர்றவங்ககிட்ட, லட்டு தின்னீங்களா, பெட் இல்லைன்னு சொல்றோமா சார்? இவனுக்கு மட்டும் ஏன் பயம் காட்டணும்?"

டாக்டர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட் கிடைத்தது.

அதற்குள் கவிதாவின் அண்ணன் தினகரனின் ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். "கற்பூரத்துக்கு அடங்காதவன் சிஸ்டர் இவன். புள்ள தலையில அடிச்சி சத்தியம் பண்ணச் சொல்லுங்க. அப்பத் தொடுவானா பாக்கலாம்."

அந்தப் பெண் குழந்தை ஒன்றும் புரியாமல் தலையைத் தடவிக்கொண்டது. என் வேலைக்காலத்தில் ஒரு நோயாளியின் உறவினரிடம் அப்படிச் சத்தம் போட்டது அந்த ஒரு முறைதான்.

"நாளைக்கு ஒண்ணு தொட்டுட்டான்னா, புள்ளைக்கு ஜுரம் வந்தாக்கூட என்னாலதான்னு நெனச்சுப்பான். அப்புறம் வீட்டுக்கு வருவானா? இங்க வருவானா? உங்க தங்கச்சிக்குப் புருஷன் வேணுமா, சத்தியம் வேணுமா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. நான் வருத்தப்படவில்லை, இன்றும் வருத்தப்படவில்லை.

3. முதலில் யாருக்கு

இந்தத் தடவை தட்டை எடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்தேன். "எப்ப வேணும்னு தோணுது?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு. வேலை முடிஞ்சி இடுப்பு நிமிராத நேரம். பசியா இருந்தா இன்னும் ஜாஸ்தி."

அதையே எழுதினோம். மூன்றரைக்கு எதையாவது சாப்பிட வேண்டும். மாத்திரை கொடுத்தவன் இருக்கும் சைட்டுக்குப் போகக் கூடாது. இடுப்புக்கு வேறு வைத்தியம் டாக்டர் பார்ப்பார். ஆசை எழும்போது அதோடு மல்லுக்கட்டாமல் இருபது நிமிடம் தள்ளிப் போட வேண்டும். முகம் கழுவலாம், நடக்கலாம், யாரிடமாவது பேசலாம். எழும்புவது இறங்கும், அதை அவன் இரண்டு மூன்று முறை கண்ணால் பார்த்தால்தான் நம்புவான்.

கடைசி வரியை நான் கேட்டேன். "மறுபடி தொட்டுட்டா முதல்ல யாருக்கு போன் பண்ணுவ?"

கவிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா சிஸ்டர், தொடுவாருன்னு நீங்களே சொல்றீங்களே!"

"தொடணும்னு சொல்லலம்மா. தொட்டா ஒளியக் கூடாதுன்னு சொல்றேன்."

அவன் என் பெயரையும் சலீம் பாய் பெயரையும் எழுதினான். சலீம் பாய் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். எங்களிடம் நான்கு முறை வந்து சேர்ந்து, அதன் பிறகு பல வருடமாக எதையும் தொடாதவர். யார் போன் செய்தாலும் அவர் உபதேசம் செய்ய மாட்டார். "எங்க இருக்க? டீ சாப்ட்டியா?" என்பதுதான் அவருடைய கவுன்சிலிங்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, யாரிடமும் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் நம் மனத் திருப்திக்கு. அது உடையும் நாளில் அவனுக்குத் திரும்பி வரும் வழியை அடைத்துவிடும்.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு என் போன் அடித்தது.

"சிஸ்டர், தினகரன். தொட்டுட்டேன். ஒண்ணுதான். அரை மணி நேரம் ஆவுது. பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகினு இருக்கேன். சலீம் பாய் வந்துகினு இருக்காரு. நான் வரட்டுமா?"

போன தடவை மூன்று நாள். இந்தத் தடவை அரை மணி நேரம்.

"வாப்பா," என்றேன். "பெட் போட்டு வைக்கிறேன்."