நம்பர் நன்றாக வந்தால் நம்பாதே

எலும்பு அடர்த்தி ஸ்கேன் என்பது ஆஸ்பத்திரி வேலைகளிலேயே சந்தேகப் பிராணிகளுக்கென்று ஒதுக்கிவைத்த வேலை. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து காலம் தள்ளுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத்து ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நைட் ஷிப்ட் எக்ஸ்ரேக்காரன். படித்து வந்தவன் இல்லை. கூட நின்று பார்த்து, மெஷினோடு வரும் புத்தகங்களைப் புரட்டிப் பழகியவன். பகலில் தூக்கம் பிடிக்காமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன். சும்மா சுற்றுகிறானே என்று, எலும்பு ஸ்கேனுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

போலி முதுகெலும்பு

அப்படி வந்தவள் மெர்சி. மாரிகுப்பத்துப் பெண், எக்ஸ்ரே டிப்ளமா முடித்தவள், வாய் கொஞ்சம் நீளம். காலையில் நோயாளி வருவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் கட்டையை மேஜைமேல் வைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குள் போலி முதுகெலும்பு ஒன்று இருக்கும். அதன் அடர்த்தி நமக்குத் தெரியும். மெஷினும் அதையே சொன்னால்தான் அன்றைக்கு ஆளைப் படுக்க வைக்கலாம்.

"நேத்து சரியாத்தானே காட்டிச்சி அண்ணா, ராத்திரியில இன்னா ஆயிடப் போவுது?" என்றாள்.

"ராத்திரியில எது வேணா ஆவும். நான் பாக்கறேன் இல்ல?" என்றேன்.

கட்டையைத் தூக்கி வைத்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மெஷினயே நம்ப மாட்டேன்றீங்க. எங்களயா நம்பப் போறீங்க?"

கையைத் தூக்கியவர்

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். நெஞ்சுச் சளிக்கு வருஷக்கணக்கில் மாத்திரை தின்றவர். அது எலும்பையும் தின்றிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஸ்கேனில் உலோகம் எதுவும் குறுக்கே வரக்கூடாது. அதனால் மெர்சி, "தாத்தா, பாக்கெட்ல, இடுப்புல இன்னா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மனுஷர் இரண்டு கையையும் மேலே தூக்கி, காலை அகட்டி நின்றுவிட்டார். மெர்சி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, ஷாஃப்ட் குழி வழியே கேஜ் என்கிற கூண்டில் மேலே வந்ததும், தங்கத்தை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

இத்தனைக்குப் பிறகும் படத்தில் முதுகெலும்பின் மேலேயே வெள்ளையாக ஒரு துண்டு. அர்ணாக்கயிற்றில் கட்டிய வெள்ளித் தாயத்து, பின்பக்கம் நகர்ந்து கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் தாயத்தும் எலும்புக் கணக்கில் சேர்ந்து, இருபது வயதுப் பையனின் முதுகு என்று ரிப்போர்ட் போயிருக்கும். கழற்றச் சொன்னதும் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது: "ஷாஃப்ட் வாசல்ல தடவினவனே இதத் தொட்டதில்ல. நீ இன்னாமா அவுக்கச் சொல்ற?"

நல்ல சேதி

கனகம்மா போன வருஷம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். எலும்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிட்டால் வயிறு எரிகிறது. இந்த முறை ஸ்கேன் நன்றாக இருந்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெர்சி தனியாக எடுத்தாள். இடுப்பெலும்பின் அடர்த்தி நம்பர் அமோகமாக ஏறியிருந்தது. கனகம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, பேத்திக்குப் போன் போட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது.

நான் நம்பரை விட்டுப் படத்தைப் பார்த்தேன். தொடையெலும்பின் உட்பக்கத்தில் ஒரு சின்ன முண்டு உண்டு. காலை உள்பக்கம் திருப்பிப் பட்டையால் கட்டினால் அது பாதி மறைந்துவிடும். இங்கே புடைத்துக்கொண்டு தெரிந்தது. கால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நம்பர் பொய். "பட்டையைக் கட்டினியா?" என்றேன். மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு காலையும் கட்டப் போனா, பொணத்துக்குக் கட்ற மாதிரி இருக்குதுன்னு அந்தம்மா அழுதாங்க அண்ணா. எனக்கும் மனசு வரல. சும்மா சாத்தி வெச்சேன்." மறுபடி எடுக்க வேண்டும் என்று கனகம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "எனக்கு நல்லபடியா வந்தா உனக்கு இன்னாப்பா வயித்தெரிச்சல்?"

யார் காலை யார் கட்டுவது

விட்டால் மாத்திரை நின்றுவிடும். அடுத்த முறை உடைவது மணிக்கட்டாக இருக்காது, இடுப்பாக இருக்கும். சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரன் பயமுறுத்துகிறான் என்று வாசல் பக்கம் நடந்தார். அப்போது மெர்சி மேஜைமேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். "மெஷின் ஓடல, பயப்படாதீங்க. மொதல்ல நீங்க என் காலக் கட்டுங்க ஆன்ட்டி. நான் எழுந்து வந்தா நீங்க படுங்க."

கனகம்மா திரும்பி வந்தார். மெர்சியின் காலைத் திருப்பி, பட்டையை இழுத்துக் கட்டினார். இவ்வளவு இறுக்கமாக நானே கட்டியதில்லை. மெர்சி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, அவிழ்த்ததும் குதித்து இறங்கினாள். பிறகு கனகம்மா படுத்தார். புதுப் படத்தில் முண்டு அடங்கியிருந்தது. நம்பர் போன வருஷம் இருந்த இடத்துக்கும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மாத்திரை தொடர்கிறது என்று சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. மேஜையில் படுத்துக் கண்ணை மூடியபடியே, பட்டையை அவிழ்க்கப் போன மெர்சியிடம் சொன்னார்: "பட்டைய அவுத்துட்டேன்னு வாயால சொல்லாத பொண்ணே. கண்ணாடி கொண்டாந்து என் காலக் காட்டு."

நம் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்தோமா என்று தெரிய வேண்டுமானால், சந்தோஷமாகச் செருப்பை மாட்டியவர் மனம் நொந்து வீட்டுக்குப் போகிறாரா என்று பார்த்தால் போதும்.