பதில் வராத ஈரடி

போன கிழமை பலெர்மோவுக்குப் பக்கத்தில், பகேரியாவில் வேலை முடிந்து ரயிலுக்கு நின்றேன். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வெட்டிப்போட்ட ஒலிவக் கிளைகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். புகை மேடைக்கு வந்தது. உங்களுக்கு அது வெறும் புகை. எனக்கு சினியோர் அந்திரேயாசின் வீடு.

அவர் சைப்பிரஸ்காரர். ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடல் தெரிகிற மூன்றாம் மாடியில் இருந்தார். காலையில் காய்ந்த ஒலிவ இலைகளைத் தணலில் போட்டு, கண்ணூறு கழிய வீடு முழுக்கக் காட்டச் சொல்வார். நாங்கள் சாம்பிராணி காட்டுகிற மாதிரித்தான். நான் பலெர்மோவுக்கு வந்து பார்த்த முதல் வேலை அவரைக் கவனிப்பது. அப்போது எனக்குத் தெரிந்த இத்தாலியன் "சி, சினியோரே", ஓம் ஐயா, மட்டும்தான். சைப்பிரஸ் என்றால் கிரேக்கத்தில் ஒரு ஊர் என்று நினைத்து, பாஷை கொஞ்சம் பிடிபட்டதும் பெரிய கெட்டிக்காரி மாதிரி அதை அவரிடமே சொல்லியும் வைத்தேன்.

"தீவு! உன்ரை தீவு மாதிரி ஒரு தீவு!" என்று மேசையில் தட்டினார். அவர் சொன்னது இத்தாலியனில்தான். ஆனால் அவருடைய குரல் இப்போது என் காதில் எங்கள் பாஷையில்தான் கேட்கிறது. என்ன செய்ய.

கால் இழுத்துக்கொள்ளும்வரை பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். வெளியார் ஆண்ட பழைய நாட்களில் அவருடைய தீவின் பேச்சுமொழியில் யாரோ எழுதிவைத்த காதல் கவிதைகளை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். எழுதியவரின் பெயர் ஒருவருக்கும் தெரியாதாம்.

வீட்டில் அவர் பாடியது வேறு. அவருடைய ஊர்க் கலியாண வீடுகளில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு அடியாக, அந்த இடத்திலேயே கட்டிப் பாடி மோதுவார்களாம். எதிராளியைப் பகிடி பண்ண வேண்டும், அடி முடிகிற ஓசையும் ஒத்துவர வேண்டும். பதில் சொல்ல முடியாதவன் தோற்றான். சினியோர் கடலைப் பார்த்து இரண்டு அடி பாடுவார். பிறகு நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பார். மறந்துபோனாராக்கும் என்று நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவருடைய மகள் மரியாதான் ஒருநாள் சொன்னாள். "அவருக்குத் தண்ணி வேண்டாம். தம்பியின்ரை பதிலுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

தம்பிதான் அவருக்கு எதிர்ப்பாட்டுக்காரன். தீவு இரண்டாகப் பிளந்த போரில் ஆயுதக்காரர் அவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு தகவலே இல்லை.

"பேரில்லாத கவிஞன்ரை கவிதையெல்லாம் என்னட்டை இருக்கு. தம்பியிலை மிச்சம் பேர் மட்டும்தான்" என்றார் ஒருமுறை, சூப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு.

மன்னாரில் எங்கள் அண்ணனையும் வீட்டுக்கு வந்துதான் கூட்டிக்கொண்டு போனார்கள். அதை இங்கே ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. கோயிலில் யாராவது கேட்டால், "அண்ணா ஊரிலை" என்பேன். பொய்யும் இல்லைத்தானே.

ஒரு மாசிமாதக் காலையில் அவருடைய தீவிலிருந்து தொலைபேசி வந்தது. மரியா கேட்டுவிட்டு வந்து தகப்பனின் காலடியில் நிலத்தில் இருந்தாள். பாழுங்கிணறு ஒன்றில் எடுத்த எலும்புகளில் தம்பியுடையதும் இருக்கிறதாம், சோதித்து உறுதிப்படுத்திவிட்டார்களாம்.

அவர் அழவில்லை. "முழுசாக் கிடைச்சதோ?" என்று கேட்டார்.

"இல்லை, அப்பா."

அடக்கத்துக்குப் பயணம் போகிற நிலையில் அவர் இல்லை. மரியா தனியே போனாள். அங்கே மண் போடுகிற நேரத்தில் இங்கே அவர் தலை வாரிவிடச் சொன்னார், கறுப்புக் கோட்டைப் போட்டுவிடச் சொன்னார். என்னை எதிரே இருக்கச் சொன்னார்.

"செத்தவீட்டுப் பாட்டைக் கேக்க ஆள் வேணும். இவ்வளவு காலமும் நான் அவனுக்குப் பாடேல்லை. உடம்பு வராமல் பாடக்கூடாது."

பாடினார். ஒரு ஈரடிக்கு மட்டும் அர்த்தம் சொன்னார்: தோளில் சுமந்து திரிந்தேன் தம்பி உன்னை, இன்றைக்கு ஒற்றைக் கையால் தூக்குகிறார்களாம். அன்றைக்கு அவர் எங்கேயும் நிறுத்தவில்லை. பதிலுக்குக் காத்திராமல் ஒரே மூச்சாகப் பாடிக்கொண்டே போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்தியும் அழுகை வெடித்துவிட்டது.

அவர் பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உன்ரை ஆள் ஆர்?"

"அண்ணா."

"எலும்பு வந்ததோ?"

"இல்லை."

"அப்ப பாடாதை" என்றார்.

பின்னேரம் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். எங்கள் பக்கத்தில் செத்தவீடு என்றால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஒப்பாரி தொடங்கினால் ஆம்பிளைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவார்கள். "அம்மா, அண்ணாவுக்கு ஒருக்கா..." என்று தொடங்கினேன்.

"வாயைப் பொத்து. என்ரை பிள்ளை வருவான்" என்று ஃபோனை வைத்துவிட்டா.

சினியோர் அந்த வெயில்காலத்தைத் தாண்டவில்லை. மரியா வீட்டை விற்றுவிட்டு மிலானோவுக்குப் போய்விட்டாள். இப்போது அந்த மூன்றாம் மாடியில் உல்லாசப் பயணிகள் வந்து தங்குகிறார்கள். போன வருடம் அம்மாவும் போய்விட்டா. கடைசிவரை அண்ணாவுக்காக ஒரு சொல் பாடவில்லை.

இனி வேண்டாமென்று தடுக்க எனக்கு ஒருவருமில்லை. நேற்று பூசை முடிந்து வந்து, பிள்ளைகள் வெளியே போனபிறகு, பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக் குசினிக் கதவைச் சாத்திப்போட்டு இருந்தேன். எலும்பு வராவிட்டாலும் பரவாயில்லை, அண்ணாவுக்கு ஒருதரமாவது பாடிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். சின்ன வயதில் எத்தனை செத்தவீடுகளில் அம்மாவின் மடியோடு ஒட்டியிருந்து கேட்டிருப்பேன்.

ராகம் வந்தது. சொல் ஒன்றும் வரவில்லை.