குடையோடு நட்ட மரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகன் என்னையும் என் மனைவியையும் செடி வாங்கக் கிராஞ்சிக்குக் காரில் அழைத்துப் போனான். அங்கே செடிப் பண்ணையில் வேலை பார்க்கும் பெண் ஒரு தொட்டியைக் காட்டினாள். தேங்காய் நாரை அழுத்திச் செய்தது. கல்யாண வீட்டு அண்டா அளவு இருக்கும். "இது புதுசு அங்கிள். செடிய வெளிய எடுக்கவே வேணாம். பாட்டோட அப்படியே மண்ணுல வெச்சிடலாம். பாட் தன்னால மக்கிடும்" என்றாள். நான் ரொம்ப அக்கறையாக, "குடை வேண்டாமா?" என்று கேட்டேன். பாவம், அந்தப் பெண் வானத்தைப் பார்த்தாள். என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த ஆர்க்கிட் தொட்டி கவிழப் பார்த்தது.

நனைந்த நாரின் வாசனைதான் காரணம். அது மூக்கில் ஏறினால் போதும், நான் அறுபதுகளின் தொடக்கத்துக்குப் போய்விடுவேன். அப்போது பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. மாலையில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தமிழ் மன்றத்துக்கு நான் துணைச் செயலாளர். துணைச் செயலாளர் என்றால் நாற்காலி அடுக்குபவர் என்று பொருள். மன்றத்தின் தலைவர் வீட்டிலும் செந்தமிழ்தான் பேசுவார். கடையில் சவர்க்காரம் என்று கேட்க மாட்டார், 'வழலை' என்பார். கடைக்காரர் ஒருமுறை ஒரு கட்டு வாழை இலையைக் கொடுத்தனுப்பிவிட்டார். அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டவள் அவர் மகள் பூங்கோதை. அவளைப் பார்ப்பதற்காகத்தான் நான் நாற்காலி அடுக்கினேன் என்பது தலைவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

பிறகு அவருக்கும் தெரிந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார், போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. மன்றத்தின் பின்கட்டில் ஒரு பெரிய மனிதரைக் கொண்டு மரம் நட ஏற்பாடாகியிருந்தது. "அந்த மரத்தின் பொறுப்பு உம்முடையது, தம்பி. அது வேர் பிடித்துத் துளிர்க்கட்டும். ஒரு மரத்தை வாழவைக்கத் தெரிந்தவரிடம் மகளைக் கொடுக்கலாமா என்று யோசிப்பேன்" என்றார். எனக்கு அதுவரை கீரைக்கட்டுக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாது.

கிராஞ்சியில் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, மரக்கன்றுகள் வளர்த்து விற்பதாகச் சொன்னார்கள். போனேன். தூறல். ஆள் உயரச் செண்பகம் ஒன்று கண்ணில் பட்டது. மூங்கிலில் பின்னிய பெரிய கூடையில் மண்ணை நிரப்பி அதில் வளர்த்திருந்தார். கூடைக்குள் ஒரு குழந்தை சம்மணம் போட்டு உட்காரலாம். ஈர மூங்கில் நாரின் மணம் கும்மென்று வந்தது. என் வருங்காலமே அந்த மரம்தான் என்பதால் அது நனையக் கூடாதென்று என் குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்துக்கு மழை நல்லது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தவுக்கே பல வருஷம் ரப்பர் தோட்டத்தில் நம் ஆட்களோடு வேலை செய்தவர். தமிழ் பேசுவார். ஆனால் அவர் தமிழில் சொல்லின் முதல் நெடில் குறிலாகிவிடும். இரண்டு கையும் சேறாக இருந்ததால் முகவாயால் மரத்தின் பக்கம் காட்டி, அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்: "தம்பி, குடை எடுக்காத. குடையோட நடு. குடை எடுத்தா மரம் மாத்தி லா!"

மலாயில் மாத்தி என்றால் சாவு. அது புரிந்தது. குடையும் புரிந்தது, கையிலேயே இருந்ததே.

விழாவன்று காலையில் மரம் லாரியில் வந்து இறங்கியது. யாராவது பாத்திரத்தோடு மரம் நடுவார்களா? பாராங் கத்தியை எடுத்துக் கூடையை நாலாக வெட்டிப் பிரித்தேன். மண் பொலபொலவென்று உதிர்ந்து, வேரெல்லாம் அம்மணமாகத் தொங்கியது. அப்படியே குழியில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கழி ஊன்றி, வளைந்த கைப்பிடி வைத்த என் கறுப்புக் குடையை விரித்து அதன் உச்சியில் கட்டினேன். சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்ட பெருமை எனக்கு.

பெரிய மனிதர் வந்தார். மண்வெட்டியைக் கையில் வாங்கியவர் அண்ணாந்து பார்த்து, "இது என்ன, குடை?" என்றார். கூட்டம் தலைவரைப் பார்த்தது. தலைவர் என்னைப் பார்த்தார். "தோட்டக்காரர் சொன்னாருங்க ஐயா. குடையோடதான் நடணுமாம்" என்றேன்.

தலைவர் ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்று தமிழ் வேந்தர்க்கு வெண்கொற்றக் குடை! இன்று நம் தமிழ் மரத்துக்கு இந்தக் கருங்கொற்றக் குடை! குடிகளுக்கு நிழல் தரப்போகும் மரத்துக்கு நாம் முதலில் நிழல் தருகிறோம்!" கைதட்டல் தேக்கா சந்தைவரை கேட்டிருக்கும். என் குடை பழந்தமிழ் மரபானது அப்படித்தான். அடுத்த மாதமே பக்கத்துத் தெருச் சங்கத்தில் குடையோடு மரம் நடப்போவதாகச் சொல்லி, சிறப்புரைக்குத் தலைவரையே அழைத்தார்கள்.

இதற்கிடையில் என் செண்பகம் இலை உதிர்த்து, கருகி, குடைக்குக் கீழே குடைக்கம்பி மாதிரி நின்றது. நான் தினமும் போய்த் தண்ணீர் ஊற்றி, கெஞ்சிக்கூடப் பார்த்தேன். கடைசியில் கோபத்தோடு கிராஞ்சிக்குப் போய், "நீங்க சொன்னபடி குடையோடதானே நட்டேன்? மரம் மாத்தி ஆயிடுச்சே!" என்று சண்டை பிடித்தேன். தவுக்கே நம்பாமல், "குடையோட நட்ட?" என்றார். கையை விரித்து, தலைக்கு மேல் குடை பிடித்துக் காட்டினேன். அவர் பக்கத்திலிருந்த மூங்கில் கூடையைத் தட்டி, "இது லா குடை! இது, இது!" என்றவர், சிரிப்புத் தாங்காமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கூடை தானாக மண்ணில் மக்குமாம். அதற்குள் வேர் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடுமாம். சிரித்து ஓய்ந்ததும் அதே உயரத்தில் இன்னொரு செண்பகத்தைத் தூக்கித் தன் லாரியில் வைத்தார்.

விஷயத்தைப் பூங்கோதையிடம் மட்டும் சொன்னேன். "மரம்தான் மாத்தி ஆயிடுச்சே, இப்ப மரத்தையே மாத்திடுங்க" என்றாள் கண் சிமிட்டாமல். தலைவர் பக்கத்துத் தெருவில் குடையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்கக் கேட்க, நாங்கள் இருவரும் மன்றத்தின் பின்கட்டில் புது மரத்தைக் கூடையோடு இறக்கினோம். இனிமேல் குடை தேவையில்லைதான். ஆனால் மரபை யார் எடுப்பது? அதையும் மறுபடி கட்டிவிட்டோம்.

மறுவாரம் பெருமழை. அதற்குப் பிறகு செண்பகம் தளிர் விட்டது. தலைவர் வந்து பார்த்தார். குனிந்து மரத்தின் அடியை ஏனோ நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "எல்லாம் குடையின் மகிமை" என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

மரம் முறையாகப் பூத்தது. அந்தச் சந்தில் திரும்பும்போதே செண்பக மணம் வரும். பல வருஷம் கழித்து அங்கே சாலை அகலமாக்குவதென்று முடிவாகி, மன்றம் காலி செய்யப்பட்டது. மரத்தை வெட்ட வந்த அன்று, எனக்கு மாமாவாகிவிட்ட தலைவரும் நானும் போய் நின்றோம். வேரோடு சாய்த்தார்கள். மாமா கைத்தடியோடு குழி ஓரத்துக்குப் போய், மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"நன்றாக மக்கிவிட்டது மாப்பிள்ளை" என்றார்.

"எது மாமா?"

"கூ...டை" என்றார், நெடிலை ஊர் கேட்க இழுத்து. "அன்றைய மழையில் விளிம்பு வெளியே தெரிந்தது. குறில் நெடில் தெரியாத பையனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று எனக்கு அன்று இரவெல்லாம் கவலை."

"அப்பவே கேட்டிருக்கலாமே மாமா?"

"எப்படியப்பா கேக்குறது?" என்றார். அவர் வாயிலிருந்து பேச்சுத் தமிழ் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அதுக்குள்ள நான் மூணு கூட்டத்துல குடையப் பத்திப் பேசிட்டேனே!"

அந்த மனிதர்மேல் எனக்கு அதுவரை பயம்தான் இருந்தது. பிரியம் வந்தது அந்தக் குழியின் ஓரத்தில்தான்.

இன்று மாமா இல்லை. மன்றம் இருந்த இடத்தில் கார்கள் ஓடுகின்றன. தவுக்கேயின் தோட்டம் எது என்று கிராஞ்சியில் யாருக்கும் தெரியவில்லை. பண்ணைப் பெண் பொறுமையாக, "எங்க நடப்போறீங்க அங்கிள்? கீழ நல்ல மண்ணா இருந்தா சீக்கிரம் மக்கிடும்" என்றாள். தோ பாயோவில் எங்கள் வீடு பதினொன்றாவது மாடி. பூங்கோதை நார்த்தொட்டியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"பிளாஸ்டிக்கே குடும்மா" என்றாள். "எங்க வீட்டுல அது மக்கிப் போக மண்ணு இல்ல."