வெட்டுப்படாத முருகன்

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல், காலண்டர்களுக்குச் சாமிப் படம் வரைந்த ஓர் ஓவியரைப் பற்றியது. அவர் சென்னைக்குப் போன பிறகுதான் காலண்டருக்கு வரையத் தொடங்கினார் என்று மூன்று இணையதளங்கள் சொல்லின. கோவில்பட்டியில் இருந்தபோதே வரைந்தார் என்பது என் வாதம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வாதம் என்றால் விடமாட்டேன்.

"மூணு தளமும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதியிருக்கு. அது மூணு சான்று இல்லம்மா, ஒண்ணுகூட இல்ல" என்றார் நெறியாளர். "அதுக்காக உன் பேச்சையும் அப்படியே ஏத்துக்க முடியாது. அவர் கையெழுத்தும் ஆண்டும் சேர்ந்திருக்கிற படம் ஒண்ணு கொண்டா. இல்லேன்னா இந்த இயலை எடுத்துரு."

படத்துக்கா பஞ்சம்? அவருடைய மயில்மேல் முருகன் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பசுவந்தனையில் பெரியம்மா வீட்டிலும் இருந்தார். எல்லா முருகனும் சட்டத்துக்குள். வருடம் முடிந்தால் காலண்டர் சாமியை யாரும் குப்பையில் போடுவதில்லை. அடிப்பகுதியை வெட்டிவிட்டுக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். கையெழுத்தும் கடைப்பெயரும் ஆண்டும் அந்த வெட்டில் போய்விடும்.

சட்டம் போடும் கடை அண்ணாச்சியிடம் சண்டைக்கே போனேன். "ஜவுளிக்கடை விளம்பரத்தையும் சேத்தா கும்பிடச் சொல்லுத?" என்றார்.

கழுகுமலையில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் புலம்பினேன். சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நின்று, பீரோ மேலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தட்டினார். தும்மிக்கொண்டே விரித்தேன். அதே முருகன். காலடியில் கையெழுத்து, அதன் கீழே கடைப்பெயர், ஆண்டு. ஓவியர் சென்னைக்குப் போவதற்கு வெகு முந்தைய ஆண்டு!

"எங்கன கிடைச்சுது அத்தை?"

"எங்க மாமனாருக்குக் கடையில குடுத்தது. எங்க சாமின்னா நாங்களும் வெட்டி மாட்டியிருப்போம். உங்க சாமியாச்சே, ஏட்டி! மாட்டவும் முடியல, வெட்டவும் மனசு வரல. தூரப் போடப் பயம் வேற."

அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் அவருக்கு சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது.

நெறியாளர் படத்தைப் பார்த்துவிட்டு இயலில் கையெழுத்திட்டார். அடிக்குறிப்பை அன்றே கழுகுமலை அத்தைக்குப் போனில் வாசித்தேன்: "வண்ணக் காலண்டர், ஓவியரின் கையெழுத்துடன். தனியார் சேகரிப்பு, கழுகுமலை."

"சேகரிப்பா? பீரோ மேல தூசியில கெடந்ததுக்கா?" சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "சரி, இனி யாரும் பாக்க வந்தா சும்மா காட்ட மாட்டேன், பாத்துக்கோ. நீ வந்தா மட்டும் துட்டு கிடையாது, காப்பியும் உண்டு."