அறுத்த சதையில் தெரியாதது

எழுபதுகளில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை சுமந்தேன். முதல் மூன்று மூட்டைதான் எனக்குத் தொல்லை. தோணிக்குப் போட்ட பலகையில் ஏறும்போதே தொடை கல்லாகிவிடும். மடங்கிய விரல் மடங்கியபடி நிற்கும். கொஞ்சம் உட்கார்ந்தால் விட்டுவிடும். பிறகு சாயங்காலம் வரை சுமப்பேன்.

அதுதான் வினை. நோவு என்றால் நாள் முழுக்க இருக்க வேண்டும் அல்லவா?

"ஏலே, மாப்பிள்ளைக்கு விசிறி கொண்டாங்கலே. மூணு மூட்டை தூக்கிட்டாருல்லா!" என்று கூட்டத்தில் ஒருவன் தினமும் சொல்லுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் வீம்புக்கு உட்காராமல் சுமந்தேன். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. சூடு என்றார்கள். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை.

மேஸ்திரி சொன்னார்: "சீக்குன்னா டாக்டர் காயிதம் கொண்டா. இல்லன்னா வேற ஆளைப் போடுதேன்."

பெரிய ஆசுபத்திரியில் ஒரு டாக்டர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். தொடையைக் கீறி ஒரு துண்டுச் சதை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். தையல் ஆறிய பிறகு காகிதம் வந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை என்று இருந்தது.

"அப்ப நான் சோம்பேறிதானா ஐயா?"

"இல்லப்பா. வேலை செய்யும்போதுதான் உனக்கு உள்ள இருக்கிற சத்து எரியாம நின்னுடுது. அப்படித்தான் எனக்குத் தோணுது. அறுத்து எடுத்தது செத்த சதை. அதுல எப்படித் தெரியும்?"

வெளிநாட்டில் எலியின் காலைப் பெரிய காந்தத்துக்குள் வைக்கிறார்களாம். கத்தி படாமலே, உயிருள்ள தசையில் எந்தச் சத்து எவ்வளவு என்று பார்க்கிறார்களாம். புத்தகத்தில் படித்ததாகச் சொன்னார்.

"காந்தம் இரும்பைத்தான இழுக்கும்?" என்றேன்.

"இது இழுக்கிறதுக்கு இல்ல. உள்ள வெச்சு ரேடியோ அலை விட்டா, ஒவ்வொரு சத்தும் ஒவ்வொரு விதமா பதில் அலை குடுக்கும்."

"நம்ம ஊருக்கு எப்ப வரும்?"

"மனுசனுக்கே இன்னும் வரலியே. வேணும்னா இன்னொரு துண்டு எடுத்துப் பாக்கலாம்."

வேண்டாம் என்றேன். காகிதத்தை மடித்துக்கொண்டு வந்தேன்.

மேஸ்திரி அதைக் கணக்கப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு இருக்குல்லா. பொறவு என்னலே? தூக்கு."

தூக்கினேன். உட்காரவில்லை. நாலாவது மூட்டையை இறக்கியபின் வலது கை திறக்கவில்லை.

"கையை விரிலே."

நீட்டினேன். அவரே என் விரலைப் பிரிக்கப் பார்த்தார். இரண்டு கையாலும் பார்த்தார். முடியவில்லை.

"வலிக்காலே?"

"வலிக்கு."

வெகுநேரம் கழித்து விரல் தானாக விட்டது. அதுவரை அவர் பக்கத்திலேயே நின்றார்.

"கண்ணால பாத்துட்டேன். ஆனா காயிதத்துல இல்லியேலே. நான் யாருகிட்ட என்னத்தக் காட்ட?"

மறுநாள் என் இடத்தில் வேறு ஆள் நின்றான். என்னைச் சாக்கு வாய் தைக்க உட்காரவைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னைச் சோம்பேறி என்று சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.