கண்ணாடி ஊதுகிறவர்களின் படம்

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பல்காரர்களிடம் அவர் வாங்கிச் சேர்த்த வண்ணக் கண்ணாடிப் பறவைகளும் கிண்ணங்களும் எங்கள் அலுமாரி நிறைய இருந்தன. அதற்கு மேலே, உலைமுன் நின்று நீண்ட குழாயால் கண்ணாடி ஊதும் தொழிலாளர்களின் ஓவியம் ஒன்றையும் மாட்டியிருந்தார். வேலையால் வந்ததும் அதன் முன்னால்தான் கதிரையைப் போட்டு உட்காருவார்.

யுத்தம் தொடங்கியிருந்த காலம். ஒருநாள் மத்தியானம் ஷெல் சத்தம் கிட்டக் கேட்டது. "பங்கருக்குள்ள வாங்கோ!" என்று கத்தியபடி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நீர் போம். படத்தைக் கழட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

அடுத்த ஷெல் எங்கள் முற்றத்திலேயே விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அலுமாரியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் முகம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். படத்தை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தார். அதில் ஒரு கீறலும் இல்லை.

உயிர் தப்பியது. இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு படத்தைக் கேட்டார். மடியில் வைத்தேன். அதில் உள்ளதைச் சொல்லச் சொன்னார். ஆட்களைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன். உலை நெருப்பின் நிறத்தைத்தான் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

"போதும், விடும். படத்தைக் கண் தெரியிற ஆருக்காவது குடும்" என்றார்.

அழுகை அவருக்குக் கேட்கக்கூடாதென்று குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போது ஷெல் சத்தம் கேட்டால் நான் முன்னால் ஓடுவதில்லை. எந்தப் பொருளையும் எடுக்க ஒருவரையும் விடுவதுமில்லை. அவர் கையைப் பிடித்து, அவரையும் மகளையும் பங்கருக்குள் இறக்கிவிட்டுத்தான் நான் இறங்குகிறேன்.