அரிவாள்மனை முன்னால் அசந்த கண்

பாலவாக்கத்தில் மீன் விற்கிறேன். ஆறாவதோடு பள்ளியை விட்டவள்; எதற்கும் பயப்படுவேன். சர்க்கரை நோய் வந்த பிறகு, பகலில் படுத்தால் சர்க்கரை ஏறும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். மீன் எடுக்க விடியுமுன் எழுந்து போகிறவள், மதியம் கண் சொக்கினாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரவில் சர்க்கரையை நினைத்தே தூக்கம் வராது.

போன மாதம் ஒருவருக்கு வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். தலை தொங்கியதே தெரியவில்லை. பக்கத்துக் கடை மேரி அக்கா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் நகத்தின் நுனி மட்டும் சீவிப் போயிருந்தது.

"இன்னாடி, தூங்கிகினே வெட்டுற? அவரு மீன கேட்டாரா, உன் வெரல கேட்டாரா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பு காலில் பட்ட சின்னக் காயமே ஆற இரண்டு மாதம் ஆனது. விரல் போனால் எதை வைத்துப் பிழைப்பேன்?

அன்றே டாக்டரம்மாவிடம் போய், நடந்ததைச் சொல்லி, மாத்திரையைக் கூட்டித் தரச் சொன்னேன்.

"மாத்திரை இருக்கட்டும். மொதல்ல தூக்கத்தைக் கூட்டும்மா. தூக்கம் கெட்டாலும் சர்க்கரை ஏறும்" என்றார். நான் இத்தனை நாள் தலைகீழாகப் பயந்திருக்கிறேன்.

இப்போது மதியம் ஒரு மணி நேரம் படுக்கிறேன். "நீ போடி, கடைய நான் பாத்துக்கிறேன்" என்கிறாள் மேரி அக்கா. ராத்திரி எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுகிறேன். சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. படுத்ததும் பத்து விரலையும் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். அதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.